அவர் தூக்கிய கட்டு

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு லோடு ஏற்றும்போது, கூட்டத்திலேயே பலமான ஆள்தான் முதல் கட்டோடு பலகை ஏறி லாரிக்குப் போவான். ஆறு வருஷமாக அது நான்.

அந்த வருஷம் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த மீசை, குச்சிக் கால். நான் ஒரு கட்டு தூக்கினால் அவர் இரண்டு தூக்கினார். யாராவது பேச்சுக் கொடுத்தால் சுமையை இறக்காமலே நின்று பதில் சொல்வார். அதுதான் எனக்கு எரிந்தது.

“இனிமே பெரியவரே முதல்ல ஏறட்டும். நீ பின்னால வா மாப்ள,” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

மறுநாள் அவருடைய கட்டுக்குள் ஈரமண் ஒட்டிய கரும்பாகப் பார்த்து இருபது கூடுதலாக வைத்து, தோகையால் இறுக்கினேன். மூன்று பேர் பிடித்து அவர் தலையில் ஏற்றினோம். கழுத்து நரம்பு புடைத்தது. அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

“இது நீ கட்டுனதா தம்பி?”

“ஆமாங்க. இன்னா இப்போ?”

“நல்லா இறுக்கமா இருக்குது. மத்தவங்க கட்டுனா பாதியில அவுந்துடுது. இனி நீயே கட்டு.”

சொல்லிவிட்டுப் பலகை ஏறினார்.

கரும்பு வெட்டு முடியும்வரை நானே கட்டினேன். தினமும் கரும்பைக் கூட்டினேன். ஒரு நாளும் அவர் குறைக்கச் சொல்லவில்லை.

அத்தனை பெரிய கட்டை ஒரே ஆள் ஏற்றினார் என்று டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். அதைக் கட்டியவன் நான் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.