ஹெர்லிந்தாவின் குட் மார்னிங்

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆர்கன்சாவில் ஒரு கோழி ஆலை. ஹெர்லிந்தாவும் நானும் பக்கம் பக்கமாக நின்று கோழியில் எலும்பு எடுத்தவர்கள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் ஒருத்தியை ஒருத்தி கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் குளிரில் கத்தி பிடித்துப் பிடித்து அவள் விரல்கள் மடங்கிப்போயின, முதுகும் போச்சு. உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டாள். "இங்கிலீஷ் தெரியாதவளுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?" என்று மேஸ்திரி விரட்டிவிட்டான்.

மிச்சமிருந்தது ஊனமுற்றோர் உதவித்தொகைதான். அதையும் முதலில் மறுத்துவிட்டார்கள். நீதிபதி முன்னால் முறையிடப் போனோம், நான் சாட்சி. வக்கீலம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்: "உங்க வயசுக்கு, இந்த உடம்போட, இங்கிலீஷும் தெரியாதுன்னா சட்டப்படி பணம் வரும். மொழிபெயர்க்க ஆள் இருக்கு. ஸ்பானிஷ் தவிர வேற எதுவும் பேசாதீங்க."

எங்கள் சொந்த ஊர்ப்பக்கம், மிச்சோவகானில், ஒருவர் வணக்கம் சொல்லி நீ பதில் சொல்லாவிட்டால், வளர்த்தவளைத்தான் ஏசுவார்கள். நீதிபதி சிரித்தபடி "குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?" என்றார். இந்த மகராசி எழுந்து நின்றாள். "குட் மார்னிங், சார். ஃபைன், தேங்க் யூ. யுவர் ஃபேமிலி?"

சர்ச் வகுப்பில் படித்த இங்கிலீஷ் சரக்கு அதோடு தீர்ந்தது. நீதிபதி மனம் குளிர்ந்துபோய் இங்கிலீஷிலேயே என்னென்னவோ கேட்டார். பெரிய மனிதர் பேசும்போது புரியவில்லை என்று சொல்வது எங்களுக்கு மரியாதைக்குறைவு. எல்லாவற்றுக்கும் "யெஸ், சார்" என்றாள். மொழிபெயர்க்க வந்தவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "வாய மூடிட்டு இருக்க முடியலையா, கொமாத்ரே?"

"நல்லா இருக்கியான்னு கேட்டாரு. மாடு மாதிரி நிக்கச் சொல்றியா? எவ்வளவு அன்பா பேசினாரு பாத்தியா, கண்டிப்பா குடுப்பாரு."

தீர்ப்பு வந்தது, முழுக்க இங்கிலீஷில். உறையைக் கிழிக்க அவள் விரல் நிமிரவில்லை; நான்தான் கிழித்தேன். இரண்டு பேருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை. மகள் யெசேனியா வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தோம்.

அவள் படித்துவிட்டு அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள். "பணம் கிடையாதாம், அம்மா. உனக்கு இங்கிலீஷ் தெரியுமாம். உக்காந்து செய்யற வேலை ஏதாவது பாத்துக்கலாமாம்."

ஹெர்லிந்தா காகிதத்தை இரண்டு உள்ளங்கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு நிஜமாகவே கேட்டாள்: "அப்ப இந்தக் காகிதத்தக் காட்டினா, மேஸ்திரி அந்த ஆபீஸ் வேலையக் குடுப்பானாடி?"