அப்பாவுக்குத் தெரிந்த கன்னடம்

எங்கள் அப்பாவுக்குக் கன்னடம் தெரியும் என்பதில் பொம்மிடியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அப்பாவுக்குத் துளியும் கிடையாது. புளி மூட்டைகளை ரயிலேற்றிப் பெங்களூர் மண்டியில் விற்கிறவர். விலை பேசவும், எடை குறைந்தால் சண்டை போடவும் வேண்டிய கன்னடம் அவரிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அந்த ஊரை ஆண்டுவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எண்பதுகளின் நடுவில், அப்பாவின் ஒரே தங்கையை அவள் புருஷன் வீட்டார் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப்போனார்கள். சரியானதும் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள், ஏதோ தையல் மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தது போல. அத்தைக்குச் சில வாரம் தூக்கமே இருக்காது. பேச்சு நிற்காது, சிரிப்பு நிற்காது, தெருவில் போகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டுச் சும்மாவே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். பிறகு ஒரேயடியாக அடங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். மந்திரித்தார்கள். தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்தார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் மண்டிக்காரர் ஒருவர் சொல்லி அப்பா பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். அழைத்துவரப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்.

அத்தை தெளிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “சித்திரைக்குள்ள எங்க வூட்டுக்குப் போயிருவேன் பாப்பா” என்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

வெள்ளைச் சேலை கட்டிய நர்சம்மா மாத்திரையை விளக்க வந்தார். தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிடட்டுமா என்று சைகையில் கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நனகே கன்னட கொத்து” என்றார், எனக்குக் கன்னடம் தெரியும் என்று. நர்சம்மா சிரித்து, விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அழுத்திச் சொன்ன இரண்டு மட்டும் நினைவிருக்கிறது. “உப்பு பிடபேடி. நீரு சென்னாகி குடியிரி.” அப்பா, “ஆய்த்து, ஆய்த்து” என்று தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அத்தைக்கு மொழிபெயர்த்தார். “பேடின்னா வேண்டாம்னு அர்த்தம். உப்பு ஆகாதாம். தண்ணி நல்லாக் குடிக்கணுமாம்.”

எங்கள் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மருந்து என்றால் பத்தியம் இருக்கத்தானே வேண்டும்? மஞ்சள் காமாலைக்கு உப்பில்லை, நாட்டு மருந்துக்கு உப்பில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி மருந்துக்கு உப்பைத் தள்ளவில்லையென்றால்தான் அம்மா சந்தேகப்பட்டிருப்பாள். தனிச் சட்டி வாங்கி அத்தைக்குத் தனியே சமைத்தாள். உப்பில்லாத களியும் கீரையும் வாயில் வைக்க விளங்காது. அத்தை முகம் சுளிப்பதைப் பார்த்து அப்பாவும் அந்தச் சட்டியிலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க எதுக்குங்க நாக்கைக் கட்டறீங்க?” என்றாள் அம்மா.

“அவளை வுட்டுட்டு நான் மட்டும் ருசியாத் திங்கறதா?”

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, மருந்து குடிப்பது போல் சாப்பிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் நான் பார்த்த சந்தோஷமான சாப்பாடு அதுதான். அத்தை எனக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தாள். புருஷன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது.

பங்குனி வெயில் ஏறியபோது அத்தையின் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியில் நூல் நுழையவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன், எனக்கு அது விளையாட்டாக இருந்தது. “பத்தியம் எங்கியோ தப்பியிருக்குது” என்று அப்பா அடுப்படிக்கே வந்து நின்றார். எங்கள் குழம்பைக் கிண்டிய கரண்டியை அந்தச் சட்டியில் விட்டதாக அம்மாவுக்குத் திட்டு விழுந்தது. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் அவரே கையில் வைத்துக் கொடுத்தார். பிறகு வாந்தியும் பேதியும் வந்தன. அத்தை குடித்தவள் போலத் தள்ளாடினாள், நாக்குக் குழறியது. என்னைப் பார்த்து யார் என்று கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

வாடகைக் காரில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கிருந்த நர்சம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, தண்ணீர், தூக்கம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“உப்புக் கல்லுகூடச் சேர்க்கலைங்க” என்றாள் அம்மா, பெருமையாக.

நர்சம்மாவின் கை நின்றது. “உப்பை நிறுத்தச் சொன்னது யாருங்க?”

“பெங்களூர்ல சொன்னாங்க” என்று அப்பா அந்தக் கன்னடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்.

அந்த நர்சம்மா ஓசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் நன்றாகத் தெரிந்தவர். “பிடபேடின்னா விட்டுறாதீங்கன்னுங்க. உப்பை நிறுத்திறாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. உப்புக் குறைஞ்சா இந்த மாத்திரை ஒடம்புலயே தங்கி விஷமாயிரும்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். டாக்டரிடம் ஓடினார். அத்தையின் கையில் பாட்டில் ஏறியது. அதில் இருப்பது உப்புத் தண்ணீர் என்று தெரிந்தபோது, பத்தியம் போச்சே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அத்தை பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்முன் அந்த நர்சம்மா இனி செய்ய வேண்டியதைச் சொல்லி, அதை எங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். அம்மா சொன்னாள். நானும் சொன்னேன். வாந்தி பேதி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு ஒடனே வரணும், சொந்தமாப் பத்தியம் வைக்கக் கூடாது. அப்பாவால் மட்டும் சொல்ல முடியவில்லை.

அத்தையின் நடுக்கம் போகவே இல்லை. நடையும் நேராகவில்லை. சித்திரை வந்தது, போனது. புருஷன் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப்போனார்கள். அத்தையின் தையல் மெஷின் மேல் அம்மா துணி போட்டு மூடினாள். அப்பா அதற்குப் பிறகு வீட்டில் கன்னடம் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா ஒரே சட்டியில் உப்புப் போட்டுச் சமைக்க ஆரம்பித்தாள். அப்பா மட்டும் உப்புப் போடுவதற்கு முன்பே தனக்கு எடுத்து வைக்கச் சொன்னார். ஒருநாள் அத்தை உப்புக் கிண்ணத்தை எடுத்து, “போட்டுக்கோண்ணா” என்று நீட்டினாள். கை ஆடி உப்பு தரையெல்லாம் சிந்தியது. அப்பா குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, அவள் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு, தன் களியைச் சாப்பிட்டார். சாகும்வரை அப்படியே சாப்பிட்டார்.

பத்தியம் முடிந்துவிட்டது என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.