‘ங்க’ போட்டுத் திட்டிய முதலாளி

பனியன் கம்பெனி முதலாளி வேஷம் போட எங்கள் பகுதியில் ஓர் ஆண்பிள்ளைகூட முன்வரவில்லை. அதனால்தான் நான் மீசை வரைந்துகொண்டேன். பிற்பாடு பலபேர் பலவிதமாகப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முருகன் கோவில் பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் பகுதி ஆட்களே சேர்ந்து ஒரு சிரிப்பு நாடகம் போடுவோம். அதுவரை நான் இரண்டு மூன்று வரி பேசுகிற வேஷம்தான் கட்டியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு செக்கிங் டேபிளுக்குப் போனவள். துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த வருஷத்துக் கதையும் ஓட்டையைப் பற்றித்தான். வெளிநாட்டுக்கெல்லாம் பனியன் அனுப்புகிற முதலாளி, தான் போட்டிருக்கிற பனியனில் ஓட்டை இருப்பது தெரியாமல், ஒரு தையல் விட்டுப்போனதற்காக சூப்பர்வைசரைத் திட்டித் தீர்க்கிறார். கதையைக் கேட்டு ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேஷம் யாருக்கு என்றதும் நழுவிவிட்டார்கள். அவரவர் முதலாளி கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாரே!

“நான் போடறனுங்க” என்றேன்.

நாடகம் எழுதிப் பழக்கியவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. சூப்பர்வைசர் வேஷமும் அவருக்குத்தான். கோவில் மண்டபத்தில் முதல் ஒத்திகையிலேயே நான் மாட்டிக்கொண்டேன். எழுதியிருந்தது, “ஏண்டா, கண்ணை எங்கடா வச்சிருக்கே?” என் வாயில் வந்தது, “ஏனுங்க, கண்ண எங்கீங்க வெச்சிருக்கீங்க?”

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். “யக்கா, முதலாளி திட்டுதாருக்கா. நீங்க என்னமோ வெத்தலை பாக்கு வச்சு கல்யாணத்துக்கு அழைக்க மாதிரில்லா பேசுதிய!”

மறுபடி சொன்னேன். மறுபடியும் ‘ங்க’. பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு, நாக்கு விடமாட்டேன் என்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். வீட்டில் குக்கரைத் திட்டிப் பழகினேன். “விசில் அடிக்க மாட்டீங்களா?” என்று அதற்கும் மரியாதை.

அந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரரின் அக்கா வந்தார். நங்கையா என்று கூப்பிடுவேன். அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் (அவரை நான் அண்ணன் என்பேன்) சொந்தமாகச் சின்னக் கம்பெனி இருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கேதான் அயர்ன் மாஸ்டர். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“ஏனம்மிணி, மீசை வெச்சுட்டு மேடையேறப் போறயாமா? எங்கூட்டுக்காரரக் கிண்டல் பண்றதுக்கா?”

“அண்ணனை இல்லீங்க நங்கையா. பொதுவா ஒரு முதலாளிங்க.”

“பொதுவா ஒருத்தரு! ஊருல கேக்கறவிய அப்படியா நெனப்பாங்க? சஷ்டி சஷ்டிக்கு விரதம் இருக்கறவ, விபூதி பூசற நெத்திக்குக் கீழ மீசை வரையறதுக்குக் கூசலையா? வேண்டாம், உட்டுரு. உம்பட வீட்டுக்காரனும் எங்க கம்பெனிலதான் வேலை செய்யறான், பாத்துக்க.”

கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் கதவோரம் தலை குனிந்து நின்றிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நங்கையா சொல்லி நான் ஒன்றை மறுத்ததில்லை. சாமி படத்தைப் பார்த்தேன். பழனியில் ராஜ அலங்காரமும் பண்ணிக்கொள்கிறான், ஆண்டிக்கோலத்திலும் நிற்கிறான்.

“முருகனே நாளுக்கு நாலு வேசம் கட்டறானுங்க. அவன் சன்னதியில நான் ஒண்ணு கட்டுனா கோவிச்சுக்க மாட்டானுங்க. நான் உடமாட்டனுங்க, நங்கையா. நீங்க காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க.”

குரல் உயரவில்லை. ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை. ஆனாலும் நங்கையா ஓரடி பின்னால் போனதை என் கண்ணால் பார்த்தேன். காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

அடுப்படியில் நின்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். இத்தனை வருஷ வேலையில் என்னைக் கலங்கடித்த திட்டு எதிலும் ‘டி’ இருந்ததில்லை. எல்லாம் ‘ங்க’ போட்ட திட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம் போய், “உங்க ‘டா’வை நீங்களே வெச்சுக்குங்க. இந்த முதலாளி ‘ங்க’ போட்டுத்தானுங்க திட்டுவாரு. ஒருக்காக் கேட்டுட்டு வேண்டாம்னா நானே போயிக்கறனுங்க” என்றேன். அவரைக் கைகட்டி நிற்கச் சொல்லிப் பேசிக் காட்டினேன். முடிந்ததும் அவர் கட்டிய கையை அவிழ்க்கவே மறந்துவிட்டார். “யாத்தீ, நெசமாவே வேல போன மாதிரில்லா இருக்கு! இதையே வைங்க” என்றார்.

விழாவன்று காலையில் என் பைக்குள் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி, கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்து இருந்தது. அயர்ன் மாஸ்டர் கைவேலை. கூடவே அவருடைய பழைய பனியன் ஒன்று. ஓட்டை போடுகிற வேலையே எனக்கு இல்லை.

சாயங்காலம் முன்வரிசையில் நங்கையாவும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் வேலை போனால் போகட்டும், வேறு கம்பெனி இல்லாத ஊரா என்று மனதில் சொல்லிக்கொண்டு, சன்னதிப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினேன். சூப்பர்வைசர் பயந்துகொண்டே லீவு கேட்டார்.

“லீவு வேணுங்களா? எடுத்துக்குங்க.”

கூட்டத்தில் ஒரு சின்னச் சலசலப்பு.

“நல்லா ரெஸ்ட் எடுங்க. நாளைக்கும் எடுத்துக்குங்க. நாளான்னைக்கும் எடுத்துக்குங்க. இனி நீங்க எதுக்குங்க சிரமப்பட்டு வந்துட்டு!”

பின்வரிசைத் தையல்காரப் பெண்களிடம் சிரிப்பு வெடித்து முன்னால் வந்தது. நான் திரும்பி நின்று முதுகு ஓட்டையைக் காட்டியபோது என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நங்கையா சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார்.

“எங்கூட்டுக்காரரு அப்படி ஒருநாளும் பேசுனதில்ல, தெரிஞ்சுக்க.”

“ஆமாங்க. சிரிச்சவிய யாரும் அண்ணனைப் பாக்கலீங்க. நீங்கதான் பாத்தீங்க.”

என் மீசையைப் பார்த்தார். “அடுத்த வருசமும் ஏறுவயா?”

“ஏறுவனுங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் முகம் துடைக்கத் தேங்காய் எண்ணெய் நீட்டினார்கள். வாங்கவில்லை. மீசையோடுதான் தெருவழியே வீட்டுக்கு நடந்தேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கைகால் கழுவி, விபூதி பூசி, அந்த மீசையோடேயே முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன்.