ஆதிமூலத்தின் திருப்புளி

மணி அடித்த கையோடு ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுப்பார். இரண்டு மாடி, பத்தொன்பது அறை. ஒவ்வொரு கதவின் உள்பக்கத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டீ. எவராவது புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அன்றைக்கே கழன்றுவிடும். கழற்றியதை எறியமாட்டார். தாளில் சுற்றி, எந்த அறை என்று மேலே எழுதி, மணி தொங்கும் கட்டைக்குக் கீழே இருக்கும் டப்பாவில் போடுவார்.

முத்தியால்பேட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு அவர் பியூன். பிள்ளைச்சாவடியிலிருந்து சைக்கிளில் வருகிறார். தாளாளர் முதல் சுவர்மேல் காக்காய் வரைக்கும் யாரிடம் பேசினாலும் "த பாரு" என்றுதான் ஆரம்பிப்பார்.

"கக்கூஸ் தாப்பாளையாவது விட்டு வைப்பீங்களா?" என்று கேட்டார் கலைவாணி டீச்சர்.

"த பாரு டீச்சர், அது புள்ளைங்க போட்டுக்கிறது. இருக்கட்டும்."

போன வருஷம், 2010இல், கம்ப்யூட்டர் வாத்தியார், "காத்துல கதவு படபடன்னு அடிக்குது, ஒரு தாப்பா போட்டுக் குடுங்க" என்றார். ஆதிமூலம்தான் போட்டுக் கொடுத்தார். நாலு திருகாணி, பத்து நிமிஷ வேலை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் அறைக்குள் அழுகைச் சத்தம். தட்டினார். தள்ளினார். திறக்கவில்லை. ஓடிப்போய் விடாமல் மணி அடித்தார். பள்ளிக்கூடமே மைதானத்துக்கு வந்துவிட்டது. கடைசியாக அந்தக் கதவு திறந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பின்னால் வாத்தியார் வந்தார், கையில் வருகைப் பதிவேடு.

ஸ்டேஷனில் ரைட்டர் விளக்கமாகவே சொன்னார். "பெரிய பொம்பளைய கையப் புடிச்சு இழுத்தா என்ன செக்‌ஷனோ, கொழந்தைக்கும் அதேதான். தனியா சட்டம் இன்னும் வரல. மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். ஜாமீன் உண்டு."

வாத்தியார் சாயங்காலமே வீட்டுக்குப் போனார். ஆதிமூலம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப்போய், தான் போட்ட அந்தத் தாழ்ப்பாளைத்தான் முதலில் கழற்றினார்.

கதவு பூட்டிக் கிடந்ததைப் பார்த்தது அவர் ஒருவர்தான். அவர் சாட்சி எடுபட்டால்தான் அந்தப் பெண் சொல்வதும் எடுபடும். தாளாளர் கோபிநாத்துக்கும் அது தெரியும். கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கதவு தொறந்துதான் கெடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன். ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம்தானே இருக்கு?"

"த பாரு சார், தாப்பா போட்டவனே நான்தான்."

"தாப்பாளா? எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்?"

கோர்ட்டிலும் அதே கேள்வி வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கதவின் போட்டோவை நீட்டினார்.

"நல்லாப் பாருங்க பெரியவரே. உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல. இல்லாத தாழ்ப்பாளப் போட்டு எப்படிப் பூட்டுவாங்க? அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தத சொல்லுது. நீங்களுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். முன் பெஞ்சில் அந்தப் பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆதிமூலம் "த பாரு" என்றுகூடச் சொல்லவில்லை. போட்டோவில், கதவு மரத்தில் தெரிந்த நாலு ஓட்டைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தாழ்ப்பாளைச் சாட்சிக் கூண்டின் கட்டைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் நாலு திருகாணிகளையும் தலைகீழாக, வரிசையாக நிற்க வைத்தார்.