மூக்கர் முகர்ந்து சொன்ன வண்டி

தெருவுக்கே அவர் மூக்கர்தான். மூக்கு ஒன்றும் பெரியதில்லை, சாதாரண மூக்கு. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுது பார்க்கும் தொழிலில் அதற்கு இருந்த மதிப்பு லேசுப்பட்டதல்ல. வண்டி வந்து நிற்கும். பானெட்டைத் திறந்து, கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவி, மூக்குக்குக் கீழே ஒரு தரம் கொண்டுபோவார். "கிளட்ச் தட்டு கருக ஆரம்பிச்சிருச்சு" என்பார். இல்லையென்றால் "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போங்க" என்பார். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற பெரிய கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் இங்கேதான் அனுப்புவார்கள். முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பேர்.

அந்த மூக்கு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு காய்ச்சலில் நாலு நாள் படுத்தார். ஐந்தாம் நாள் எழுந்தவருக்குச் சோப்பும் ஒன்றுதான், பெட்ரோலும் ஒன்றுதான். டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று கையை விரித்துவிட்டார். மூக்கர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் தங்கச்சியிடம் சொல்வாள். தங்கச்சி காதில் விழுந்த சேதி தெருத்தெருவாகச் சுற்றாமல் ஓயாது. கையோ காலோ போயிருந்தால் இந்த மனுஷன் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

அதற்காகத் தொழில் படுத்துவிடவில்லை. ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்த்தார். விரலில் தேய்த்துத் துகள் தட்டுகிறதா என்று பார்த்தார். ஓட்டிப் பார்த்தார். பத்து வண்டியில் ஒன்பதுக்கு அதுவே போதும். ஆனாலும் கம்பியை மூக்குக்குக் கொண்டுபோகிற கூத்தை மட்டும் அவர் விடவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெல்லத் தலையை ஆட்டுவார். நடிகன் கெட்டான் போங்கள்.

பத்தாவது வண்டி அவருடைய மாப்பிள்ளையின் ஜீப்பாக வந்து வாய்த்தது.

மாப்பிள்ளை தங்கமான மனிதர், வண்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. ஆறு மாதத்துக்கு முன் கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரங்களைக் கழற்றி மூக்கர் பட்டறைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு அளவு பெரிய டயராகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகள் அதில் ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது.

"மாமா, பார்க்க எப்படி இருக்கு?"

"பார்க்க ஜோராத்தான் இருக்கு. இழுக்கப்போறது கியர்பாக்ஸ்தானே, அதைக் கேட்டீங்களா?" என்றார் மூக்கர். "ஊருக்குள்ள சுத்துங்க, பரவால்ல. ஹைவேயில போனா அது கடைசி கியரைப் போடும், இந்த டயரை இழுக்க முடியாம கீழ இறங்கும், மறுபடி போடும், மறுபடி இறங்கும். அப்படியே ஆயில் கொதிச்சுக் கருகிரும். ஸ்பீடு முள்ளும் உங்களுக்குப் பொய் சொல்லும், நூறு காட்டறப்ப நூத்திப்பத்துல போய்ட்டிருப்பீங்க. ஆயில் கூலர் ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சிருக்கேன், மாட்டிரலாம்."

"பாத்துக்கலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. அந்தக் கூலர் அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை.

பிறகு வேலை மாற்றல் வந்தது. எண்ணூறு கிலோமீட்டர், நடுவில் நாற்பது கிலோமீட்டர் மலை. சாமான்கள் முதல் நாளே லாரியில் போய்விட்டன. மகள், மாப்பிள்ளை, பத்து மாதப் பேத்தி மூவரும் ஜீப்பில் கிளம்பி, விடைபெற்றுப் போகப் பட்டறைக்கு வந்தார்கள். காலை ஏழு மணி. அந்நேரத்துக்கே இரண்டு வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"அப்பா, ஒரு தடவை மோந்து பார்த்துச் சொல்லிருங்க. அப்பதான் எனக்கு நிம்மதி" என்றாள் மகள்.

"போன வாரம்தான் ஆபீஸ் பக்கத்துக் கடையில ஆயில் மாத்தினேன், மாமா. கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

மூக்கர் அதைக் கேட்டுக்கொண்டே கம்பியை உருவினார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி ஆயிலை இறக்கினால் பாதிதான் வெளியே வரும். கருகிய மீதிப் பாதி உள்ளேயே இருக்கும். புதுசை ஊற்றியதும் எல்லாம் கலந்து புது ஆயில் போலவே சிவப்பாகிவிடும். துணியில் விட்டார், நல்ல சிவப்பு. விரலில் தேய்த்தார், வழவழவென்று இருந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்றால், லாரிக்காரன் போய்ச் சேர்வதற்குள் போக வேண்டும் என்று மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் விரலும் கைவிட்ட இடம். மூக்கு ஒன்றுதான் பாக்கி.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். வாடிக்கைக்காரர்களும் பார்த்தார்கள். மூக்கர் கம்பியைத் தூக்கினார், கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார்.

"போலாம்" என்றார்.

போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கை ஓடவில்லை. ஒரே போல்ட்டை மூன்று தரம் மாட்டிக் கழற்றினார். வாடிக்கைக்காரர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினார். ஒன்பது மணிக்குக் காபி கொண்டுவந்த வீட்டுக்காரி பார்த்தவுடன் கேட்டாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொல்லிவிட்டார். காய்ச்சலில் தொடங்கி "போலாம்" வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காபியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தவில்லை.

"ஊர்க்காரங்ககிட்ட பேரைக் காப்பாத்திக்கிட்டீங்க, சரி. பெத்த பொண்ணுகிட்டயுமா காப்பாத்தணும்?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. போனை எடுத்தார். மலை ஏறத் தொடங்கிவிட்டால் சிக்னல் கிடைக்காது. வண்டி நின்றுவிட்டால் வளைவில் குழந்தையோடு நிற்க வேண்டியதுதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஒரு போன் அடித்ததில்லை.

"சொல்லுங்கப்பா. மலைக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்கிறோம். பாப்பாவுக்குப் பால் கலக்கிட்டிருக்கேன்."

"ஏறாதீங்க. பானெட்டைத் திறந்து, அந்தக் கம்பியை உருவி நீயே மோந்து பாரும்மா."

"நீங்கதான் காலையில பார்த்தீங்களே?"

"எனக்கு வாசனை தெரியாதும்மா. ஒன்றரை வருஷமாத் தெரியாது. காலையில சும்மா சொன்னேன்."

பானெட் திறக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஏதோ முணுமுணுத்தார்.

"ரொட்டி தீஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். "கூடவே ரப்பர் எரிஞ்ச மாதிரியும்."

"வண்டியை எடுக்காதீங்க. வரேன்."

சுவரில் சாத்தியிருந்த நாலு சக்கரங்கள், ஆயில் டின்கள், கூலர் பெட்டி எல்லாம் பட்டறை வேனில் ஏறின. யாரும் கூப்பிடாமலே வீட்டுக்காரியும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணி நேரமும் அவள் அவரோடு பேசவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் திறந்து நீட்டினாள்.

பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் ஜாக்கி போட்டார். பெரிய டயர்கள் இறங்கின, பழைய சக்கரங்கள் ஏறின. ஆயிலை இறக்கி, புதிதாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி இறக்கினார். அப்படி மூன்று தரம். ரேடியேட்டருக்கு முன்னால் கூலரைப் பொருத்தினார். மாப்பிள்ளை அவர் கேட்ட ஸ்பானரையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். பாவம், அவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

"கடைசி கியர் வேண்டாம், மாப்பிள்ள. லீவரை மூணுல வச்சே ஏறுங்க. எஞ்சின் சத்தம் கூடுதலாக் கேக்கும், பயப்படாதீங்க. எண்பதைத் தாண்ட வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி ஆறவிடுங்க. நான் மலை உச்சி வரைக்கும் பின்னாடியே வரேன்."

"சரி மாமா" என்றார் மாப்பிள்ளை. இந்தத் தடவை நிஜமாகவே காதில் வாங்கியிருந்தார்.

அப்போது டீசல் போட வந்த ஒரு லாரி டிரைவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். "அண்ணே, மூக்கர் அண்ணன்தானே? என் தம்பி வண்டியும் நிக்குது, ஒரு தரம் மோந்து சொல்லிட்டுப் போங்களேன்."

"எனக்கு மூக்கு போயிருச்சுப்பா" என்றார் மூக்கர், பங்க்கில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி. "இந்த வண்டியை மோந்து சொன்னது என் பொண்ணு. உன் தம்பி வண்டியை நாளைக்கு பட்டறைக்குக் கொண்டு வா, ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்."

லாரி டிரைவர் அவர் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டார்.

மூக்கர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் குழந்தையோடு வந்து பக்கத்தில் நின்றாள். கோபமாக இருப்பாள் என்று அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பா, ஒன்றரை வருஷம்னா... இவ பொறக்குறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாம்மா."

"இவ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில இவளைத் தூக்கி உச்சியில மூக்கை வச்சீங்க. ரொம்ப நேரம் எடுக்கவேயில்ல. நான் பொறந்தப்ப இருந்த அதே வாசம்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"பொய்தாம்மா."

"அப்புறம் அப்படி அழுதீங்களேப்பா. சந்தோஷத்துல அழறீங்கன்னு நாங்க நினைச்சோம்."

மூக்கர் குழாயை மூடினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவோ இழுத்துப் பார்த்தேன். ஒண்ணுமே வரலம்மா" என்றார். "அதான் அழுதேன்."