மூன்று கம்பெனி பிரேக்கில் புளியரை இறக்கம்

அக்காவின் சைக்கிளில் முன் பிரேக்கின் கைப்பிடி ஒரு கம்பெனி. கீழே சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வேறொரு கம்பெனி. இரண்டையும் இணைக்கும் குழாய் மூன்றாவது கம்பெனி. மூன்றையும் சேர்த்தவள் நான். யாராவது கேட்டால் இன்றைக்கும் வண்டியை நிறுத்திக் காட்டுகிறேன்.

அக்கா என் பெரியப்பா மகள், போலீஸ்காரி. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மெயினருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம்தான் அவளுக்குப் பணி. சாரலில் நனைந்துகொண்டே விசிலோடு நின்று, "ஏம்மா, தலைய நனைச்சாச்சுல்லா, வெளிய வாங்க, பின்னால ஆளு நிக்காவ" என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். ஓய்வு கிடைக்கும் காலையில் எங்களோடு சைக்கிள் ஓட்ட வருவாள். தென்காசியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓட்டுகிறோம். அதில் பெண்கள் அவளும் நானும் மட்டும்.

எங்கள் பெரிய ஓட்டம் செங்கோட்டை, புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறிக் கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் வரை போய்த் திரும்புவது. ஏறுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. இறங்குவதுதான் அவளுக்குச் சிக்கல். போன சீசனில் பழைய சைக்கிளில் இறங்கியபோது சாரலில் ரிம் நனைந்து பிரேக் பிடிக்கவே இல்லை. சாலையோர மணல் குவியலில் வண்டியை விட்டு எப்படியோ நின்றாள். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் மேலே வேகமாக ஏறுவாள், திரும்பும்போது வளைவு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் பாரம் ஏற்றிய லாரியிலிருந்து, அவளை அருவியில் சீருடையோடு பார்த்திருந்த கிளீனர் எட்டிப் பார்த்து, "அண்ணே, போலீசு சைக்கிள அரெஸ்ட் பண்ணிக் கூட்டிட்டுப் போகுது பாருங்க" என்று டிரைவரிடம் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்த வாரமே திருநெல்வேலிக்குப் போய், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள மலைச் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கி வந்துவிட்டாள். அந்த இறக்கத்தை ஒருமுறையாவது சைக்கிளை விட்டு இறங்காமல் இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஓட்டம் என்று முடிவானது. சீசன் நேரத்தில் ஓய்வு நாள் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று போலீஸ் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அக்கா இரண்டு பேரிடம் பணியை மாற்றிக்கொண்டு அந்த நாளை வாங்கினாள்.

அதற்கு முந்தின வாரம் நான் அலுவலக வேலையாகக் கோவைக்குப் போயிருந்தேன். இயந்திரப் பொறியியல் படித்தவள் நான். தொழிற்சாலைகளுக்கான வால்வுகளை வடிவமைக்கும் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்கிறேன். நான் இல்லாதபோது அக்கா சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, "முன் பிரேக்கு பொதபொதன்னு இருக்கு சித்தப்பா, பிரேக் ஆயில் கம்மியோ என்னமோ. அவ வந்ததும் பாக்கச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்லிப் போயிருக்கிறாள். அப்பா தென்காசியில் மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அவரிடம் போய்ப் பிரேக் ஆயில் கம்மி என்று சொன்னால் நான் வரும்வரை காத்திருப்பாரா? மூடியைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, விளிம்புவரை ஊற்றி, நாலு முறை அழுத்தியும் பார்த்துவிட்டார்.

நான் வந்து கைப்பிடியை அழுத்தினேன். உள்ளே போனது திரும்பி வரவில்லை.

"அப்பா, என்ன ஊத்துனீங்க?"

"பிரேக் ஆயில்தான். நம்ம கடையிலயே நல்ல சரக்கு."

"இது மோட்டார் சைக்கிளுக்குள்ளது."

"பிரேக்குன்னா பிரேக்குதானட்டி. சைக்கிளுக்குன்னு தனியா மாடா கறக்கும்?"

எங்கள் ஊரில் எல்லோரும் செய்யக்கூடிய தவறுதான் இது. காரணம் அந்தச் சொல். எல்லாக் கடையிலும் எல்லா மெக்கானிக்கும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம். ஆனால் மோட்டார் சைக்கிள் பிரேக்குக்குள் இருப்பது ஆயிலே இல்லை. எண்ணெய் வகையைச் சேராத ஒரு ரசாயனத் திரவம் அது. அக்காவின் சைக்கிள் பிரேக் மினரல் ஆயிலுக்கென்று செய்யப்பட்டது. அது உண்மையான எண்ணெய். ஒன்றுக்குப் பொருந்தும் ரப்பர் சீல் மற்றொன்றில் ஊறி உப்பிவிடும். உப்பிய சீல் பிஸ்டனைத் திரும்ப விடாது.

இதை வாயால் சொன்னால் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தேன். ஒன்றில் அவருடைய பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டுக் கலக்கினேன். சர்பத் மாதிரி கரைந்துபோனது. மற்றதில் என்னிடமிருந்த மினரல் ஆயிலை விட்டேன். மேலே மிதந்தது. அப்பா இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கரைந்த தம்ளரை மட்டும் மறுபடி ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா ஆயில் இல்லாத சவத்த ஆயிலுன்னு வித்திருக்கேன்."

"வித்தது சரிதான்ப்பா. பேருதான் தப்பு."

"சரி, இப்ப அவ வியாழக்கிழம எதுல போவா?"

அதுதான் கேள்வி. அதே கம்பெனியின் புதுச் செட்டைத் தேடினேன். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். வேறு செட் வாங்கினால் கூரியர் வந்து சேர வெள்ளியோ சனியோ ஆகும் என்றார்கள். அக்காவிடம் போனில் சொன்னேன். கூரியர் என்றைக்கு வரும் என்று இன்னொருமுறை கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப பழைய சைக்கிள்லயே வாரேன். உருட்டுததுதான் பழகிப்போச்சே" என்றாள். அதைக் கேட்டபின் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கைவசம் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தேன். என் சைக்கிளில் நான் மாற்றிக் கழற்றி வைத்த பழைய முன் பிரேக் இருந்தது. அதன் கைப்பிடி நன்றாக இருக்கிறது, காலிப்பரில் பிஸ்டன் விரிசல். எங்கள் குழுவில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் சார் என்று கூப்பிடுவோம். அவரிடம் வேறு கம்பெனிக் காலிப்பர்கள் இரண்டு சும்மா கிடந்தன. எல்லாமே மினரல் ஆயில் வகை. குழாய் என் பெட்டியில் புதிதாக இருந்தது. என் கைப்பிடியோடு சாரின் காலிப்பரை இணைக்கக் கேட்க வேண்டியவை நாலே கேள்வி. திரவம் ஒன்றுதானா? குழாயின் இரு முனைக்கும் சரியான இணைப்பு இருக்கிறதா? சக்கரத் தட்டின் கனமும் காலிப்பரின் இடைவெளியும் ஒத்துப்போகின்றனவா? கைப்பிடிக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் காலிப்பர் பிஸ்டனுக்கும் கணக்கு சரிவருமா? முதல் மூன்றுக்கும் பதில் ஆம்.

நாலாவதில்தான் சண்டை வந்தது. சாரிடம் இருந்த காலிப்பர்களில் ஒன்று நாலு பிஸ்டன், மற்றது இரண்டு பிஸ்டன். நாலு பிஸ்டன் பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

"இதப் போடு தாயி. நச்சுன்னு நிக்கும்" என்றார் சார்.

"வேண்டாம் சார். ரெண்டு பிஸ்டன் போதும்."

"போலீசுக்கு மாட்டுதோம், அதுல என்ன கஞ்சத்தனம்?"

ஹைட்ராலிக் பிரேக் என்பது சின்ன ஊசிக்குழல் ஒன்றைப் பெரிய ஊசிக்குழலோடு குழாயால் இணைத்தது போலத்தான். சின்னதை அழுத்தினால் பெரியது அதிக விசையோடு, ஆனால் குறைந்த தூரம் நகரும். என் கைப்பிடி தள்ளும் எண்ணெய் நாலு பிஸ்டனை நகர்த்தப் போதாது. விரல் ஹேண்டில்பாரில் முட்டும்வரை இழுத்தாலும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள் சக்கரத் தட்டை முழுதாகத் தொடாமல் போகலாம். வெர்னியர் அளவுகோலால் எல்லா பிஸ்டனையும் அளந்து சாரிடம் காட்டினேன். இரண்டு பிஸ்டன் காலிப்பர் என் பழைய காலிப்பரோடு ஏறக்குறைய ஒத்திருந்தது.

"செட்டாப் போடாம, ஊரு ஊருக்கு ஒரு துண்டு வாங்கித் தச்ச சட்ட மாதிரில்லா இருக்கு" என்றார் சார். ஆனாலும் இரண்டு பிஸ்டனைத்தான் கொடுத்துவிட்டார். அப்பா பார்த்துவிட்டு, "பிரேக்கா கூட்டணி ஆட்சியா? எப்பக் கவுறும்னு சொல்ல முடியாதே" என்றார்.

அன்று மாலை பணி முடிந்து சீருடையோடே அக்கா வந்தாள். காற்றுக் குமிழிகளை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். நான் கீழே காலிப்பரில் ஊசிக்குழலை வைத்து எண்ணெயை மேலே தள்ள, கைப்பிடி மூடியின் இடத்தில் மாட்டிய கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.

"குமிழி வருதா?"

"வருது. வந்துக்கிட்டே இருக்கு."

"லேசா தட்டு. கைப்பிடியத்தான், என்னைய இல்ல."

"தட்டுததுல எனக்குப் பயிற்சி உண்டு ஏட்டி."

குமிழி நின்றது. அழுத்திப் பார்த்தாள். பாதி தூரத்திலேயே கல் மாதிரி நின்றது. இன்னொருமுறை அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது நிக்குமா?" என்று கேட்கவில்லை. "நீ ஓட்டிப் பாத்துட்டுக் குடு" என்றாள்.

கசிந்தால் தெரியட்டும் என்று இரவு முழுக்கக் கைப்பிடியை இழுத்துக் கட்டி வைத்து, காலையில் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன். கறை இல்லை. பிறகு ஐந்தருவிச் சாலையில் அதை ஓட்டினேன். புதுக் கட்டைகள் தட்டோடு பழக வேண்டும். வேகமெடுப்பது, நிற்காமல் வேகத்தைக் குறைப்பது, மறுபடி வேகமெடுப்பது. பழக்கடைக்காரர் ஒருவர், "யம்மா, போறியா நிக்கியா, ஒண்ணச் செய்யி" என்றார். சாரலில் தட்டு நனைந்ததும் பிரேக் ஊளையிட்டது. சத்தம் வந்தாலும் பிடி குறையவில்லை. கடைசியாக, சரிவில் என் முழு எடையோடும் வேகமாக வந்து ஒற்றை விரலால் அழுத்தினேன். நினைத்த இடத்துக்கு முன்னாலேயே நின்றேன். அதன்பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டு, "வண்டி தயார்" என்றேன்.

வியாழக்கிழமை கோட்டைவாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். மலை முழுக்க மேகம், சாலை ஈரம். வழக்கமாக அக்கா இறங்கி நிற்கும் இடம் வந்தது. நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். அவள் கால் பெடலை விட்டு எழவில்லை. முதல் வளைவில் பிரேக் ஊளையிட்டுக்கொண்டே இறங்கினாள். இரண்டாவது வளைவில் கீழேயிருந்து வந்த லாரி ஒன்று திரும்ப இடம் போதாமல் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டது. அக்கா விரலை மடக்கினாள். வழுக்கவில்லை, துள்ளவில்லை. ஒரு கால் ஊன்றி, சாலை ஓரத்தில் சாவகாசமாக நின்றாள். பழக்கதோஷமோ என்னவோ, இடது கையை நீட்டி லாரிக்கு வழிகூடக் காட்டினாள். அது போனதும் மறுபடி மிதித்தாள். அதற்குப் பிறகு அடிவாரம்வரை அவள் கால் தரையில் படவில்லை.

புளியரையில் நின்றதும் நான் முதலில் குனிந்து இணைப்புகளைத் துடைத்துப் பார்த்தேன். மழைத்தண்ணீர் மட்டும். எண்ணெய் இல்லை. நிமிர்ந்தபோது சார் வந்து நின்று காலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு பிஸ்டன் போட்டிருந்தா?" என்றார் மெதுவாக.

"விரல் பார்ல முட்டியிருக்கும் சார்."

தலையை ஆட்டினார். "என் வண்டிப் பின் பிரேக்கையும் ஒருக்கா அளந்து பாத்துரு தாயி."

எனக்குப் பெருமையாக இருந்தது. கல்லூரியில் பதக்கம் வாங்கியபோதுகூட இப்படி இருந்ததில்லை. அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று திரும்பினேன். அவள் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இன்னொருக்கா ஏறி எறங்குவமா?"

"எல்லாரும் இட்லிக்குப் போறாவ."

"போட்டும். எனக்கு டூட்டி நாளைக்குத்தான்."

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியை மலைப் பக்கம் திருப்பிவிட்டாள். நான் கியரைக் குறைத்துக்கொண்டு அவள் பின்னால் மிதித்தேன்.