அக்கா என்று தொடங்கும் வரிகள்

மடிக்கணினியை மூடாமலே படியிறங்குவாள் அன்ரனெற். திறந்தபடியே இரண்டு கையிலும் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு, முழங்கையால் லைற்றைப் போட்டு, காலால் கதவைத் தள்ளி, யூனியன்வில் வீட்டின் பேஸ்மென்றுக்குப் போவாள். மூடிவிட்டுத் திறந்தால் பழையபடி வரும்தானே என்று புருஷன் மரியோ கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டான். "வரும். ஆனா நான் யோசிச்சுக்கொண்டிருந்தது வராது" என்பாள். காரிலும் பக்கத்துச் சீற்றில் அது திறந்தே கிடக்கும். அதற்குச் சீற்பெல்ற்றும் போட்டிருப்பாள்.

இணையத்தளம் கட்டிக்கொடுப்பது தொழில். முன்பு மார்க்கம் நகரில் ஒரு பெரிய அலுவலகத்தில் இருந்தாள். எப்போது கூட்டம் வைப்பது என்று முடிவெடுக்கவே கூட்டம் வைக்கிறார்கள், போதுமடா சாமி என்று விட்டுவிட்டு வந்தவள். இப்போது கார் ஓட்டப் பழக்குபவர், நடனப் பள்ளி, பிளம்பர், கலியாண மண்டபம், வீடு விற்கும் முகவர் என்று ஆளுக்கொரு விதமாக வருகிறார்கள். நடனப் பள்ளிக்காரி சலங்கை ஒலிக்க வேண்டும் என்பாள். கார்க்காரருக்குக் கார் சுற்ற வேண்டும்.

எல்லோரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உங்கட சைட்டை ஆர் திறப்பினம்?" உலகம் முழுக்க என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். "உலகம் திறக்காது, அண்ணை. ஸ்காபரோவில ஒரு அன்ரி திறப்பா. பஸ்சில நிண்டுகொண்டு, கண்ணாடி இல்லாமல்." ஆகவே அவள் கட்டும் பக்கங்களில் எழுத்து பெரிது, தொலைபேசி எண் உச்சியில். வீட்டு முகவர் தன் படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னபோது, "வீட்டை மறைச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார், பிறகு தானாகவே வந்தார்.

பக்கத்தை முதலில் கடை விளம்பரத் தாளின் பின்புறத்தில் பென்சிலால் கீறிப் பார்ப்பாள். கட்டிய பிறகு மூன்று பழைய ஃபோன்களில் திறந்து பார்ப்பாள். அதில் ஒன்று கண்ணாடி வெடித்துக் கீறல் விழுந்தது. "உதில தெரிஞ்சா எதிலயும் தெரியும்" என்பாள். வயர்களும் சார்ஜர்களும் ஓர் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். மூடியைத் திறந்தால் இன்னமும் வறுத்த கறித்தூள் மணக்கும். தளத்தை ஒப்படைத்த பிறகு, உரிமையாளரைக் கேட்காமல் ஓர் எழுத்தைக்கூடத் தொடமாட்டாள். ஆனால் அங்கே வருகிறவர்கள் அனுப்பும் செய்திகள் முதல் மாதம் முழுக்க அவளுக்கும் ஒரு பிரதி வரும். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு.

வாடிக்கையாளர்கள் படம் தருவார்கள், பணம் தருவார்கள், எழுதித் தரவேண்டியதை மட்டும் தரமாட்டார்கள். அதுவரை வெற்றிடத்தில் எதையாவது நிரப்ப வேண்டும். மற்றவர்கள் பொருளில்லாத லத்தீன் வரிகளைப் போடுவார்கள். அவளுக்கு அது சரிவராது. "பட்டனில 'பூப்புனித நீராட்டு விழா' எண்டு போட்டுப் பாருங்கோ. அது சுவரை இடிச்சுக்கொண்டு அங்கால போயிடும்." தமிழ் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரியத் தமிழைத்தான் போட வேண்டும். எனவே வாய்க்கு வந்ததைத் தட்டுவாள். ஒவ்வொரு வரியையும் 'அக்கா' என்று தொடங்குவாள். வேலை முடிந்ததும் அந்தச் சொல்லைத் தேடினால் எல்லாம் அகப்படும்; அழித்துவிடலாம்.

அந்தச் சொல் வந்ததற்குக் காரணம் ஒஷாவாவில் இருக்கும் அக்கா செரீனா. வேலை நேரம் முழுக்க அக்கா ஃபோனில் இருப்பாள், அங்கே தூள் வறுத்துக்கொண்டு. இங்கே இவள் தட்டிக்கொண்டு. கதைத்ததெல்லாம் பக்கத்தில் ஏறும்.

ஒன்றரை வருடமாக அந்த ஃபோன் அடிக்கவில்லை. செரீனாவின் கடைக்குட்டி தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் தளம் திறக்காமல் விழுந்துவிட்டது. அன்ரனெற் கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த மேசையிலேயே மடிக்கணினியை வைத்தாள். குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். அஞ்சு நிமிஷம் என்றாள். இன்னொருமுறை கூப்பிட்டார்கள். அதற்கும் அஞ்சு நிமிஷம். படம் அவளில்லாமல் எடுக்கப்பட்டது. "உனக்கு உந்தப் பெட்டிதான் சொந்தம். அதோடயே இரு" என்றாள் அக்கா, சபை நிறைந்திருக்க. இரண்டு பேருக்கும் அப்பாவின் பிடிவாதம். முதலில் ஃபோன் அடிப்பது யார் என்று இருந்ததில் ஒருவரும் அடிக்கவில்லை. விரல்கள் மட்டும் பழக்கத்தை விடவில்லை. அவளுக்கு அக்கா இல்லாமல் முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதை நிரப்பு வரிகளில் எழுதி, எழுதியதை அழித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கத்தான் ஸ்காபரோவில் சாப்பாட்டுக்கடை வைத்து, வறுத்த கறித்தூளும் விற்கும் சந்திரவதனா வந்து சேர்ந்தா. கடைப்பெயர் 'வதனா அக்கா சமையல்'. வேலை முடிந்து 'அக்கா' என்று தேடினால் பக்கத்துக்குப் பக்கம் கடைப்பெயர் வந்து குவிந்தது. அன்ரனெற் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிப் போனாள். அந்த வேகத்தில் தன் வரி ஒன்றையும் சேர்த்துத் தாண்டிவிட்டாள்.

அடுத்த கிழமை வதனா அக்கா ஃபோனில் வந்தா. "பிள்ளை, சைட்டில தூள் விக்கிற பக்கத்தில ஆர் உதை எழுதினது? சனம் வாசிச்சுப்போட்டு வட்ஸ்அப்பில எல்லாருக்கும் அனுப்புதுகள்."

அன்ரனெற் திறந்து பார்த்தாள். வறுத்த கறித்தூளின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் கிடந்தது: 'அக்கா, நீ தந்த தூள் முடிஞ்சுபோச்சு. கடையில வாங்கினது மரத்தூள் மாதிரிக் கிடக்கு. மரியோ சோத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். கோவம் ஆறினா ஒரு போத்தல் தந்துவிடு.'

"வதனாக்கா, அது பிழையாக் கிடந்தது. இப்ப எடுத்துவிடுறன்."

"உனக்கென்ன விசரே? எடுத்துப்போடாதை. தூள் முடிஞ்சு நான் திரும்ப வறுக்கிறன். ஆர் உந்த மரியோ எண்டு வேற கேக்குதுகள்."

அழிப்பதற்கு ஒரு நொடி போதும். தளத்தின் கடவுச்சொல் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் தளம் வதனா அக்காவுடையது. செரீனாவின் கண்ணில் பட்டால், வீட்டுச் சண்டையை விளம்பரமாக்கி விற்கிறாள் என்றுதான் நினைப்பாள். பிறகு செத்தவீட்டுக்குக்கூட வரமாட்டாள். அவள் கண்ணில் படாமலே போய்விடுமோ என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது. மரியோவிடம் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, தன் பெயர் ஊரெல்லாம் பசியோடு திரிகிறது என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் வதனா அக்காவின் தளத்திலிருந்து செய்திப் பிரதி ஒன்று வந்தது. பெயர் இல்லை. எண் இல்லை. ஊர் என்ற இடத்தில் மட்டும் ஒஷாவா.

'வணக்கம். உங்கட தூள் பக்கத்தில ஒரு பிழை கிடக்கு. நான் போத்தலில குடுக்கிறேல்லை. ஐஸ்கிறீம் பெட்டியிலதான் குடுக்கிறனான். கடைசியாக் குடுத்த பெட்டி இன்னும் திரும்பி வரேல்லை. கொண்டுவரச் சொல்லுங்கோ.'

அன்ரனெற் அதை மூன்று ஃபோனிலும் திறந்து வாசித்தாள். வெடித்த கண்ணாடியிலும் அது அப்படியேதான் தெரிந்தது. பிறகு ஐஸ்கிறீம் பெட்டியிலிருந்த வயர்களை மேசையில் கொட்டினாள். பெட்டியைக் கழுவித் துடைத்தாள். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியில் பாதி ஏறியவள் நின்றாள், மடிக்கணினிக்காகத் திரும்பி இறங்கி வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். அதை மெல்ல மூடி, மூடியபடியே மேசையில் விட்டுவிட்டு, பெட்டியோடு மேலே போனாள்.